பள்ளிப்படை இல்லாத துக்கம்

(ஆம்பூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் முதலில் சொன்ன தலைப்பு, 'நந்தினி நல்லவளா, கெட்டவளா?' என்பது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தலைப்புக்கு ஒரு நடுவர் வேண்டும். நடுவர் வந்தாலும் 'இரண்டும்தான்' என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு வண்டியேறிவிடுவார். அதற்காக நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையை வீணாக்க வேண்டாம். வாரம் முழுக்கக் கம்பெனி வண்டிக்கு ஓடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் பேச நினைப்பது வேறு. கல்கி 1950 அக்டோபரில் தம் பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' எழுதத் தொடங்கி, 1954 வரை வாராவாரம் எழுதினார். அதில் எத்தனையோ பேர் வருகிறார்கள். வீரர்கள், ஒற்றர்கள், சிற்றரசர்கள், சந்நியாசம் வாங்கப் போகிறேன் என்று மிரட்டுகிறவர்கள். இவர்களில் முழுநேர அரசியல்வாதி என்று நான் ஒருத்தியைத்தான் சொல்வேன்: பழுவூர் இளைய ராணி நந்தினி. மற்றவர்களுக்கு அரசியல் ஒரு வேலை. வேட்டை, காதல், படகுச் சவாரி என்று வேறு வேலைகளும் உண்டு. நந்தினிக்கு வேறு வேலையே கிடையாது. சிரித்தாலும் அரசியல், அழுதாலும் அரசியல், பல்லக்கின் திரையை விலக்கினாலும் அரசியல்.

அவள் செய்ததைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். சோழ நாட்டின் தனாதிகாரி, உடம்பில் அறுபத்துநான்கு விழுப்புண் சுமந்த கிழவர் பெரிய பழுவேட்டரையர். அவரை மணந்துகொள்கிறாள். அவருடைய பனை இலச்சினை மோதிரம் அவள் கைக்கு வருகிறது. அந்த மோதிரம் இருந்தால் தஞ்சைக் கோட்டையில் எந்தக் கதவும் திறக்கும். அவள் போகும் மூடுபல்லக்கில், அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் ஒளிந்து ஊர் ஊராகப் போகிறான். சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். ஊரே 'கிழவருக்கு இளம் மனைவி மேல் மோகம்' என்று சிரித்துக்கொண்டிருக்கும்போது பல்லக்குக்குள் அடுத்த பட்டம் யாருக்கு என்பது போய்க்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், அதே சோழப் பொக்கிஷத்துப் பொற்காசுகள் பாண்டிய மன்னனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளின் கைக்குப் போகின்றன. சோழக் குடிகள் கட்டிய வரி, சோழ இளவரசனைக் கொல்லும் சதிக்குச் செலவாகிறது! இதைவிடத் துணிச்சலான நிதி நிர்வாகத்தை நம் இலக்கியத்தில் நான் கண்டதில்லை.

இத்தனையிலும் அவள் கையில் ஒரு துளி ரத்தம் கிடையாது. வேலையெல்லாம் அடுத்தவர் பலவீனத்தை வைத்தே நடக்கிறது. கிழவருக்கு மோகம், கந்தமாறனுக்கு அசட்டு வீரம், பார்த்திபேந்திர பல்லவனுக்கு மயக்கம், கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலைக்கு வெகுளித்தனம். மணிமேகலையைத் தங்கை தங்கை என்று கொஞ்சுகிறாள். அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சையே தூண்டிலாக்கிச் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கடம்பூருக்கு வரவழைக்கிறாள். ஈவிரக்கமில்லாத காரியம். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

கேள்வி என்னவென்றால், இந்தக் கல்மனசு எங்கே உருவானது?

கல்கி அதற்கு ஒரு இடம் காட்டுகிறார். ஒரு குடிசை. போரில் தோற்று, காயம்பட்டு, பாண்டிய மன்னன் வீரபாண்டியன் அங்கே கிடக்கிறான். பக்கத்தில் நந்தினி. துரத்திக்கொண்டு வந்த ஆதித்த கரிகாலன் உள்ளே நுழைகிறான். சின்ன வயதில் பழையாறையில் அவளோடு ஓடி விளையாடியவன், அவள்மேல் உயிரை வைத்திருந்தவன். அரண்மனைப் பெண்கள் அவளை ஒதுக்கி அனுப்பிய பிறகு எங்கே போனாள் என்று தேடியவன். இப்போது அவள் கைகூப்பி அந்தக் காயம்பட்டவன் உயிரைப் பிச்சை கேட்கிறாள். கரிகாலன் வெட்டுகிறான். தலை உருள்கிறது.

இந்தக் காட்சியை நாம் நேரே பார்ப்பதில்லை. மாமல்லபுரத்தில் உட்கார்ந்து கரிகாலன் தன் நண்பனிடம் சொல்லக் கேட்கிறோம். வெட்டியவன் வாயால் கதை வருகிறது, அதுவும் தூக்கம் போனவன் வாயால். வீரபாண்டியன் அவளுக்கு யார் என்பதிலும் கல்கி நெடுந்தூரம் ஆட்டம் காட்டுகிறார். முதலில் காதலன் என்று நினைக்க வைக்கிறார். பிறகு தந்தை என்ற பேச்சு வருகிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. யாராக இருந்தாலும் அவள் கண் முன்னால், அவள் கெஞ்சியும், தலை போயிற்று.

அந்தத் தலை பிறகு என்ன ஆனது? இங்கே கதையை விட்டுவிட்டுச் சரித்திரத்துக்கு வருகிறேன். கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவன். கல்வெட்டுகளில் அப்படித்தான் வருகிறான். திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் ஒரு படி போகிறது. பாண்டியன் தலையைத் தன் நகரத்தில் வெற்றித் தூண்போல நாட்டினான் என்கிறது. தோற்றவன் உடலுக்கு எரியூட்டு உண்டா, தலைக்கு உண்டா? அதைப் பற்றி வென்றவர்களின் செப்பேடு எதற்காகப் பேசப் போகிறது?

இதை வைத்துக்கொண்டு நம் பக்கத்துக்கு வாருங்கள். 'சோழர் கதைக்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம்? தஞ்சாவூரில் போய்ப் பேசலாமே' என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். சம்பந்தம் நிறைய இருக்கிறது, ஐயா. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் வாணர் குலத்தான். வாணர்களின் பழைய ஊர் காட்பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருவல்லம். சம்புவரையர் என்ற பெயரில் பிற்காலத்தில் படைவீட்டிலும் விரிஞ்சிபுரத்திலும் இருந்து ஆண்டவர்கள் நம் வட்டாரத்தார். அதையெல்லாம் விடுங்கள். சோழர் குடும்பத்துக்கு விழுந்த முதல் பெரிய அடியே இந்த மண்ணில்தான் விழுந்தது.

கி.பி. 949. தக்கோலம். இன்று அரக்கோணத்துக்குப் பக்கத்தில், ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கங்கன் பூதுகன் துணையோடு வருகிறான். சோழ மன்னன் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் யானை மேலிருந்து போரிடும்போது கொல்லப்படுகிறான். பட்டத்து இளவரசன் போனான், தொண்டைமண்டலம் போனது. அந்தச் செய்தியைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று நம் வேலூருக்குத் தெற்கே சோழபுரத்திலேயே கிடைத்தது. இராஜாதித்தனைக் கொன்று தொண்டைமண்டலத்தில் கன்னரதேவன், அதாவது அந்தக் கிருஷ்ணன், புகுந்தான் என்று, அந்தப் போர் நடந்த காலத்திலேயே வெட்டிய கல். பத்து ஆண்டு கழித்து, 959-இல், அதே கிருஷ்ணன் பொன்னையாற்றுக் கரையில் மேல்பாடியில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருக்கிறான். பிடித்த நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று அவனுடைய கர்ஹாட் செப்பேடு சொல்கிறது.

அந்த மேல்பாடிக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே சோளீசுவரம் என்று ஒரு சின்னக் கற்றளி. இராஜராஜன் கட்டியது. யாருக்கு? ஆற்றூரில் இறந்துபோன தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு. பள்ளிப்படை. அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். எதிரி கூடாரம் போட்டு நாட்டைப் பங்கு வைத்த ஊரிலேயே தன் பாட்டனுக்குக் கல்லில் ஒரு வீடு கட்டுகிறான் பேரன். அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு குடும்பம் தன் துக்கத்தைத் தீர்த்துக்கொள்ள முடியுமா? துக்கத்துக்குத் துக்கமும் ஆயிற்று, எல்லைக்கு எல்லையும் ஆயிற்று.

கரிகாலனின் தங்கை குந்தவையைப் பாருங்கள். தம்பி இராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் தன் தந்தைக்கும் தாய்க்கும் செப்புப் படிமம் எடுத்து வைக்கிறாள். தந்தை சுந்தர சோழன், காஞ்சியில் பொன்மாளிகையில் துஞ்சிய தேவர். தாய் வானவன்மாதேவி, கணவனோடு எரியேறியவள். அந்தப் படிமங்களுக்கு நகை, விளக்கு, நிவந்தம் எல்லாம் கல்வெட்டில் பதிவு. குந்தவைக்குத் துக்கம் குறைவா? அண்ணன் கொலையுண்டான், தந்தை போனார், தாய் தீக்குளித்தாள். நந்தினி பட்டதைவிட ஒரு பிடி அதிகம் என்றே சொல்லலாம். ஆனால் அவள் துக்கத்தை வைக்க ஓர் இடம் இருந்தது. கோயில் இருந்தது, சிற்பி இருந்தான், எழுத்து வெட்ட ஆள் இருந்தான், விளக்கு நெய்க்கு ஆட்டு மந்தை இருந்தது. அதனால்தான் அவள் அரசியல் செய்தால் நமக்கு அது விவேகமாகத் தெரிகிறது. நந்தினி செய்தால் சூழ்ச்சி.

நந்தினிக்கு என்ன இருந்தது? ஒரு பெட்டி. அதற்குள் மீன் சின்னம் பொறித்த ஒரு வாள். வீரபாண்டியனுடையது. ராத்திரியில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள், தடவுகிறாள், அதோடு பேசுகிறாள். நாவலை வேகமாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் 'பைத்தியமா இவள்?' என்று தாண்டிவிடுவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் அங்கே நிற்பேன். தோற்றவர் வீட்டுப் பெண்ணுக்கு, பகைவன் அரண்மனைக்குள், நினைவுக் கோயில் அவ்வளவுதான். பூட்டி வைக்கிற அளவுக்குச் சின்னது.

தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பச்சைத் தோல் வந்து இறங்கினால் உப்புப் போட்டு அடுக்குவீர்கள். உப்புப் போட்டது அழுகாது. ஆனால் அது பதனிட்ட தோலும் ஆகாது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வேண்டும், சதை வழிக்க வேண்டும், ஆவாரம் பட்டையோ குரோமோ ஏற வேண்டும். சோழர்கள் தங்கள் துக்கத்தை அப்படிப் பதனிட்டுக் கோயிலாக்கிக்கொண்டார்கள். நந்தினியால் உப்புப் போட்டு வைக்க மட்டுமே முடிந்தது.

சரி, ஆபத்துதவிகள் எங்கே கூடுகிறார்கள்? திருப்புறம்பியம் பள்ளிப்படை. நடுராத்திரி, காடு மண்டிக் கிடக்கும் ஒரு பாழ்மண்டபம். அங்கே ஒரு சின்னப் பையனைப் பாண்டிய அரசனாக்கி, வாளைக் கொடுத்து, சபதம் போடுகிறார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ தெரியாது, அந்தப் பள்ளிப்படை பாண்டியனுடையது இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் திருப்புறம்பியத்தில் பெரும்போர் நடந்தது. அதில் பாண்டியன் வரகுணன் தோற்றான். அவனை எதிர்த்துப் பல்லவன் பக்கம் நின்று உயிர்விட்ட கங்க மன்னன் பிருதிவீபதிக்குத்தான் அங்கே பள்ளிப்படை. பகைவனுக்காகச் செத்தவன் சமாதியில் நின்றுகொண்டு பாண்டியனுக்காகச் சத்தியம் செய்கிறார்கள்! கல்கி இதைத் தெரிந்தேதான் செய்தார் என்று நினைக்கிறேன். சோழ நாட்டில் அவர்களுக்கென்று அழ ஓர் இடம் எங்கே இருக்கிறது? இரவல் சமாதிதான் கிடைத்தது.

இப்போது விசுவாசம் என்ற பக்கத்துக்கு வருகிறேன். 'தென்னவன் ஆபத்துதவிகள்' கல்கியின் கற்பனை அல்ல. பாண்டியர் கல்வெட்டுகளிலேயே வருகிற மெய்க்காவல் படை. அரசனோடு சாவோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னன் சிதையில் அவனுடைய அந்தரங்கக் காவலர்கள் தாங்களும் குதித்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்த மாதிரி ஒரு கூட்டம், அரசன் செத்தும் தாங்கள் சாகாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? பழி முடிக்கும் வரை உயிரை வைத்திருக்கிறோம் என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். நாவலில் அந்த ஆபத்துதவிகளில் ஒருவனான ரவிதாஸன் அந்தச் சமாதானத்தில் வாழ்கிறவன். நந்தினி கொஞ்சம் தளர்ந்தாலும் விடமாட்டான். குடிசையை ஞாபகப்படுத்துவான், வாளை ஞாபகப்படுத்துவான்.

உயிரோடிருக்கும் தலைவனுக்கு விசுவாசமாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. அவன் ஒருநாள் 'போதும் அம்மா, விட்டுவிடு' என்று சொல்லலாம். செத்தவன் அதைச் சொல்ல மாட்டான். நாவலில் பல இடங்களில் நந்தினிக்குக் கை நடுங்குகிறது. கரிகாலனை எதிரில் பார்த்தால் பழைய பாசம் பொங்குகிறது. இதெல்லாம் வேண்டாம் என்று போய்விட அவளுக்கும் ஆசை வருகிறது. ஆனால் யாரிடம் விடுப்புக் கேட்பது? அவளை விடுவிக்க அதிகாரம் உள்ள ஒரே மனிதனின் தலை ஒரு கம்பத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அவள் கல்மனசு பிறவிக் குணமாகத் தெரியாது. விடுப்புக் கிடைக்காத வேலையாள் அவள்.

கதைப் பாத்திரத்துக்கு இத்தனை வக்காலத்தா என்று சிலர் நினைக்கலாம். சரித்திரத்திலேயே இருவரைக் காட்டுகிறேன். ஒருவர் கதை உங்கள் ஊரிலேயே தொடங்குகிறது. 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்ப் போர். தக்கோலத்துக்குச் சரியாக எண்ணூறு ஆண்டு கழித்து, மறுபடியும் ஒரு பெரியவர் யானை மேலேயே சாகிறார். ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன். எதிரில் சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களோடு பிரெஞ்சுப் படை. மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடுகிறார். மூன்று ஆண்டுக்குள் சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டு முகம்மது அலியிடம் கொண்டுவரப்படுகிறது. அந்த மகனுக்குத் துக்கத்தை இறக்கி வைக்க ஒரு சிம்மாசனம் கிடைத்தது. வாலாஜா என்ற பட்டம் கிடைத்தது. வாலாஜாபேட்டை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அதற்காக அவர் இங்கிலீஷ் கம்பெனியிடம் பட்ட கடன் கதை தனி. அதை இன்று தொடவில்லை.

இன்னொருவர் பகைவனின் சமாதி வேலூரில் இருக்கிறது. பாலாற்றங்கரை முத்து மண்டபம் தெரியும்தானே? கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நினைவிடம். கண்ணுசாமி என்பது இளமைப் பெயர். மதுரை நாயக்கர் உறவுமுறை. அவருக்கு முதல் அமைச்சர்களில் ஒருவர் எகலப்பொல. அரசனோடு பகைத்துக்கொண்டு எகலப்பொல பிரிட்டிஷார் பக்கம் ஓடியபோது, 1814-இல் அரசன் அவர் மனைவி பிள்ளைகளுக்குக் கொலைத் தண்டனை கொடுத்தான். மூத்தவன் பயந்து தாயை ஒட்டிக்கொண்டபோது இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து நின்றதாக இலங்கையில் இன்றும் சொல்வார்கள். மீதிக் கொடுமையை நான் விவரிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் சபை. மறு ஆண்டே பிரிட்டிஷ் படை கண்டிக்குள் நுழைந்தது, எகலப்பொல துணையோடு. அரசன் பிடிபட்டு வேலூர்க் கோட்டைக்கு வந்தான். 1832-இல் இங்கேயே இறந்தான். எகலப்பொலவுக்கு என்ன கிடைத்தது? பிரிட்டிஷாருக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மொரீஷியசுக்கு அனுப்பினார்கள். 1829-இல் அங்கே செத்தார். தன் துக்கத்தை அந்நியன் பீரங்கி வண்டியில் ஏற்றி அனுப்பியவர் அவர். நந்தினியைவிடக் கடுமையான காயம். ஆனால் விசுவாசத்தை முதலிலேயே உதறிவிட்டார். அதனால் வேகமாக ஜெயித்தார், வேகமாகத் தோற்றார். பாவம், கண்டி அரசனுக்காவது தமிழ்நாட்டு அரசு மண்டபம் கட்டியது.

துக்கத்துக்கு இடம் கேட்பது அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டதா? கருணாநிதி இறந்த 2018 ஆகஸ்ட் ஏழாம் தேதி ராத்திரி உங்களில் எத்தனை பேர் தூங்கினீர்கள்? மெரினாவில் இடம் உண்டா இல்லையா என்று ராத்திரியோடு ராத்திரியாக உயர் நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அன்றைக்கு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். தலைவர் இறந்த துக்கத்தைவிட, வைக்க இடமில்லை என்ற பேச்சுத்தான் கூட்டத்தைக் கொதிக்க வைத்தது. இடம் கிடைத்ததும் கொதிப்பு அடங்கி அழுகையாயிற்று. சட்டம் தெரிந்தவர்கள் அதை வேறு மாதிரி பேசுவார்கள்; பேசட்டும். தலைவர்கள் கொல்லப்பட்ட 1984-லும் 1991-லும் அனுதாப அலை என்று பேப்பரில் எழுதினார்கள். அந்த அலை எத்தனை தொகுதி என்று எண்ணவும் செய்தார்கள். துக்கம் ஓட்டாக மாறும்போது கணக்கு இருக்கிறது. ஓட்டாக மாற வழியில்லாதவன் துக்கத்துக்குக் கணக்கு வைப்பவர் யார்?

நம் பாலாற்றுக்கு ஒரு வழக்கு எண்ணாவது இருக்கிறது. தோல் கழிவால் கிணறு கெட்டவர்கள், நிலம் உவர்த்தவர்கள் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் சரிசெய்யச் செலவழிக்க வேண்டும் என்று நாடு முழுக்க மேற்கோள் காட்டும் தீர்ப்பு, வேலூர்ப் பெயரில். 2025 ஜனவரியிலும் அந்த விவகாரத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் எத்தனை மெதுவாக நகர்கிறது பாருங்கள். தோல் ஷாப்பில் சம்பளம் வாங்குகிற வீட்டிலும் கெட்ட கிணறு இருக்கிறது. இரண்டு பக்கமும் விசுவாசம் என்றால் வாய் திறப்பது லேசல்ல. ஆனாலும் முப்பது ஆண்டுக்கு மேல் மனுவாகவே போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து சேற்றில் மூழ்கிச் செத்த பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய வீடுகளில் யார் எந்தப் பெட்டிக்குள் எதை வைத்துப் பூட்டியிருக்கிறார்களோ.

மறுபடி கடம்பூருக்குப் போவோம், நேரம் ஆகிறது. அந்த ராத்திரி நந்தினியின் அறையில் கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். யார் கொன்றது? கல்கி கடைசி வரை கையை விரிக்கிறார். விளக்கு அணைகிறது, சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் நான்தான் என்கிறார். கதைக்காக வைத்த மர்மம் மட்டும் இல்லை இது. சரித்திரத்திலும் நமக்குக் கிடைப்பது உடையார்குடிக் கல்வெட்டு ஒன்றுதான். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரத்தில் இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் முதலானவர்களைச் சொல்கிறது. ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம் வேறு. பிரமாதிராஜன் என்பது அரசு அதிகாரிக்குக் கொடுக்கிற பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். கல்வெட்டின் விஷயமோ நிலம். துரோகிகளின் சொத்தும் அவர்கள் உறவினர் சொத்தும் பறிமுதலாகி விற்ற கணக்கு. கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அரசாங்கம் மறக்கவில்லை, உறவுக்காரனையும் விடவில்லை. ஈவிரக்கமின்மை என்று நந்தினியை மட்டும் கை காட்டுகிறவர்கள் இந்தக் கல்லையும் ஒருமுறை படிக்க வேண்டும். சுந்தர சோழனுக்குப் பின் பட்டமேறிய உத்தம சோழன்மேல் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகப்பட்டார். குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றவர்கள் அதை மறுத்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. என் கண்ணில் படுவது, அந்தக் கல்லில் பெண் பெயர் எதுவும் குற்றவாளியாக இல்லை என்பதுதான். நந்தினி முழுக்க முழுக்கக் கல்கி பெற்ற பிள்ளை.

ஏன் பெற்றார்? சோழர் பெருமை பாட வந்தவர், காங்கிரஸ்காரர், ஜெயிலுக்குப் போன காந்தியவாதி. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து முதல் பொதுத் தேர்தல் நடக்கிற காலம். யார் எந்தப் பக்கம் தாவுவார் என்று சென்னையில் எண்ணிக்கொண்டிருந்த 1952-ஐப் பார்த்துக்கொண்டே அவர் கடம்பூர்க் கூட்டத்தின் கதையை நடத்திக்கொண்டு போனார். வென்றவர்கள் கதையை எழுதினாலும், தோற்றவர்கள் எங்கே போய் அழுதார்கள் என்று அவருக்குள் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும். கல்வெட்டு ரவிதாஸனைக் கொடுத்தது. ரவிதாஸன் எதற்காகக் கொன்றான் என்று அது சொல்லவில்லை. அந்தக் காலியிடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்.

சினிமாவில் மணிரத்னம் ஐஸ்வர்யா ராயை வைத்து எடுத்ததில் கண் நன்றாக இருக்கிறது, பல்லக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே நந்தினி பெரும்பாலும் காதலில் தோற்றவள். அரசியல் பின்னால் போய்விட்டது. படம் பார்த்துவிட்டுப் புத்தகம் படிக்க வேண்டாம் என்று இருக்கும் இளைஞர்கள் முதல் பாகத்தையாவது எடுத்துப் பாருங்கள். நூலகத்தில் கிழிந்த பிரதி கிடைக்கும். கிழிந்ததே நல்ல அறிகுறி.

கடைசியாகப் பெரிய பழுவேட்டரையரைச் சொல்லாமல் இறங்கினால் பாவம் வந்து சேரும். எல்லோரும் அவரைக் கிழட்டு மோகம் என்று சிரிக்கிறார்கள். எனக்கு அவர்தான் இந்தக் கதையின் கடுமையான பாத்திரம். அவருக்கும் இரண்டு விசுவாசம். ஒன்று, மூன்று தலைமுறையாகத் தம் குலம் ரத்தம் சிந்திய சோழ சிம்மாசனம். மற்றது, இந்தப் பெண். இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்று தெரிந்த நிமிஷத்தில் அவர் நந்தினியைப் போல் காத்திருக்கவில்லை, கணக்குப் போடவில்லை. பழியைத் தாமே ஏற்று, தம் வாளுக்குத் தாமே இரையானார். அவளையோ போகவிட்டார். நந்தினியை மன்னிக்க மறுப்பவர்கள் இங்கே இருப்பீர்கள்; அவளால் மிக அதிகமாக ஏமாற்றப்பட்டவர் என்ன செய்தார் என்பதையும் உங்கள் வாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பாதவர்கள் கேள்வி நேரத்தில் என்னைப் பிடியுங்கள். பன்னிரண்டரை ஆகிறது; பின்கட்டில் பிரியாணித் தம் உடைக்கிற வாசனை வந்துவிட்டது, இனி நீங்கள் யாரும் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை.